பதினேழாம் ஜாடி

ஐந்து நாற்பதுக்கு அலாரம் அடிக்கும். அதற்கு முன்பே விழித்திருப்பேன். இருந்தாலும் அடிக்கும்வரை எழுந்திருப்பதில்லை. பல் தேய்ப்பேன். பாலை அடுப்பில் வைப்பேன். அலமாரியிலிருந்து இரண்டு டம்ளர் எடுப்பேன். ஒன்றைத் திரும்ப வைப்பேன். பதினொரு மாதமாகக் கை இதைச் செய்கிறது. நான் திருத்த முயலவில்லை.

காப்பி குடிக்கும்போது ஜன்னலில் எதிர்க் கட்டடத்தின் படிக்கட்டு தெரியும். மூன்றாம் மாடிக்காரர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்குவார். இரண்டு துண்டு ரொட்டி வாட்டுவேன். ஒன்றில் ஜாம். இன்னொன்றில் எதுவும் இல்லை. குளிப்பேன். சட்டைக்கு இஸ்திரி போடுவேன். எட்டரைக்கு பஸ். ஒன்பதுக்கு வேலை.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் மாறும். அன்று காப்பி முடிந்ததும் சமையல் மேடையைத் துடைத்துவிட்டுத் தராசை எடுத்து வைப்பேன்.

நான் குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஊரெல்லாம் குழாயில் வரும் தண்ணீரில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து எழுதுவது என் வேலை. ‘கொஞ்சம்’ என்ற சொல் எங்கள் அறிக்கையில் வராது. வீட்டிலும் நான் அப்படித்தான். அதனால் அவள் எனக்குத் தராசு என்று பேர் வைத்திருந்தாள். கோபம் வந்தால் தராசு சார்.

அவள் ஒரு பெரிய ஹோட்டலில் சமையல்காரி. அங்கே சூடான சமையலறை, குளிர்ந்த சமையலறை என்று இரண்டு. அவள் குளிர்ந்ததில். சாலட், ஆறவைத்து வெட்டும் இறைச்சி, ரொட்டியில் தடவும் பண்டங்கள். அவள் கைக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது பாத்தே. கோழி ஈரலை வெங்காயத்தோடு வதக்கி, வெண்ணெயும் ஒரு மூடி பிராந்தியும் சேர்த்து, மைபோல அரைத்து ஜாடியில் அடைத்து வைக்கிற பிரெஞ்சுப் பண்டம். காலையில் ரொட்டியில் தடவித் தின்பார்கள். அவளுக்கு அது உயிர்.

எனக்கு அதன் வாசனையே ஆகாது. எங்கள் வீட்டில் யாரும் இறைச்சி சாப்பிட்டதில்லை. கல்யாணமான புதிதில் அவள் வேலை முடிந்து வரும்போது நான் ஜன்னலைத் திறப்பேன். காற்றுக்கு என்பேன்.

“நாத்தம் அடிக்குதுன்னு சொல்லேன். வாயில பூட்டா போட்டிருக்கு?”

“நாத்தம்னு இல்லை.”

“பின்ன என்ன, சந்தனமா? ஹோட்டல்ல எட்டு மணி நேரம் ஈரலோட குடித்தனம் பண்றேன். வீட்டுக்கு வந்தா உன்னோட. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் சண்டை மூட்டி விடலை. போதுமா?”

குளிர்பெட்டியின் கடைசித் தட்டில், இரண்டு உறைக்குள், அவளுக்கென்று ஒரு சின்ன ஜாடி இருக்கும். நான் குளிக்கும் நேரம் பார்த்து அதை எடுத்துத் தின்பாள். ஒருநாள் துண்டு எடுக்க மறந்து வெளியே வந்துவிட்டேன். கத்தியும் ரொட்டியுமாக, திருடி மாதிரி நின்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் சிரிக்கவில்லை.

“சொந்த வீட்டுல ஒளிஞ்சு திங்கறேன். இது என்ன பிழைப்பு?” என்றாள். “ஈரல் இல்லாம இதைப் பண்ணிக் காட்டறேன். ஒரே ஜாடியில ரெண்டு பேரும் சாப்பிடணும். அவ்வளவுதான் திட்டம்.”

அப்படித்தான் தொடங்கியது. மசூர் பருப்பு, அக்ரூட், காளான், பொன்னிறத்தையும் தாண்டிப் பழுப்பாக வதக்கிய வெங்காயம், மிளகு, ஜாதிக்காய், நிறத்துக்கு ஒரு துண்டு பீட்ரூட். வெண்ணெய்க்குப் பதில் வாசனை நீக்கிய தேங்காயெண்ணெய். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று கூடும், ஒன்று குறையும். ஜாடி மூடியில் பேப்பர் டேப் ஒட்டி எண் எழுதுவாள். ஒன்று, இரண்டு, மூன்று. எழுதி வைக்கச் சொன்னது நான். அவள் ‘ஒரு கை’, ‘ஒரு சிட்டிகை’ என்றுதான் முதலில் எழுதினாள். யாருடைய கை என்று கேட்டேன். அடுத்த வாரம் அவளுக்குப் பிறந்தநாள் வந்தது. சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

“உலகத்துல பொண்டாட்டிக்குத் தராசு வாங்கிக் குடுத்த முதல் புருஷன் நீதான்” என்றாள். ஆனால் அதற்குப் பிறகு எல்லாம் கிராமில் இருந்தது.

நோட்டில் பொருள், எடை, அடுப்பில் இருந்த நேரம் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். கடைசிக் கட்டத்துக்கு மேலே ‘முகம்’ என்று எழுதியிருந்தாள். விளையாட்டு என்று நினைத்திருந்தேன்.

ஒன்று: மூக்கு சுளித்தது.

மூன்று: விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடித்தான்.

ஆறு: ‘நல்லா இருக்கு’ என்றான். பொய். மறுபடி மூக்கு.

ஒன்பது: மூக்கு இல்லை.

பன்னிரண்டு: ரொட்டி தீர்ந்த பிறகும் ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினைந்து: ஏதோ குளோரின் கதை பேசிக்கொண்டே தின்றான். தின்பதே தெரியவில்லை. நல்ல அறிகுறி.

பதினாறு: விரலை நக்கினான். கிட்ட வந்துவிட்டோம்.

பதினேழுக்கு எடை எல்லாம் இருக்கிறது. முகம் மட்டும் காலி.

பதினேழு அரைத்த அன்று, ஒரு வியாழக்கிழமை, அவள் வேலைக்குப் போய் உடை மாற்றும் அறையில் விழுந்தாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய். ஏப்ரன் கூடக் கட்டவில்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளைப் பார்க்கலாம் என்றார்கள். பேச முடியாது என்றார்கள். மறுநாள் காலை அதுவும் முடிந்தது.

வீட்டுக்கு வந்தபோது ஜாடி குளிர்பெட்டியில் இருந்தது. அதை எடுத்து மேலே உறைநிலைப் பெட்டியில் வைத்தேன். யோசித்துச் செய்யவில்லை. பரிசோதனைக்கு வந்த மாதிரியைக் கெடாமல் வைப்பது எங்கள் கூடத்துப் பழக்கம்.

நான்காம் மாதம் அதைத் திறந்தேன். சூடான நீரில் நனைத்த ஸ்பூனால் இரண்டு ஸ்பூன் வெட்டி எடுத்து, இளகவிட்டு, ரொட்டியில் தடவினேன். சாப்பிட்டேன். அதற்குமுன் எத்தனையோ பேர் வந்து தோளைப் பிடித்துப் பேசியிருந்தார்கள். எனக்கு எதுவும் ஆகவில்லை. அன்று ரொட்டியை மென்றபடி சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸை விட்டுவிட்டேன்.

ஜாடியில் ஏழு ஸ்பூன் மிச்சம் இருந்தது. அது தீர்வதற்குள் அதேபோல ஒன்று செய்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். கஷ்டம் என்று தோன்றவில்லை. எல்லாம் கிராமில் இருந்தது.

வரவில்லை.

எங்கள் கூடத்தில் ஒரே மாதிரியைத் திரும்பச் சோதித்தால் எண்ணுக்குப் பக்கத்தில் எழுத்துப் போடுவோம். என் ஜாடிகளில் 17அ, 17ஆ, 17இ என்று எழுதினேன். ஒவ்வொன்றையும் அரைத்து முடித்த கையோடு அவள் ஜாடியில் ஒரு ஸ்பூன் எடுத்து அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். என்னுடையதில் வெங்காயம் தனியாக நிற்கும். மிளகு தனியாகக் கடிக்கும். எண்ணெய் நாக்கில் படரும். கூட்டத்தில் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் போல எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். அவளுடையது அப்படி இல்லை. அதில் எது எது என்று சொல்ல முடியாது.

வேறு கடையில் அக்ரூட் வாங்கினேன். வெங்காயத்தை ஐந்து நிமிடம் கூட வதக்கினேன். வெப்பமானி வைத்துப் பார்த்தேன். 17உ முடிந்தபோது அவள் ஜாடியில் இரண்டு ஸ்பூன் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை போன் செய்தார். அவளுடைய அம்மா. வாரம் தவறாமல் செய்வார். சாப்பிட்டீங்களா, துணியெல்லாம் யார் துவைக்கிறா, ராத்திரி தூங்கறீங்களா. மூன்று கேள்விக்கும் என்னிடம் மூன்று பதில் தயாராக இருக்கும்.

“அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் வர்றேன் மாப்ளே. ஞாயித்துக்கிழமை. பாத்து ரொம்ப நாளாச்சு.”

“வாங்க அத்தை.”

“ஒண்ணு கேக்கணும். பாப்பா ஏதோ பண்ணிட்டிருந்தாளே. ஈரல் இல்லாத ஈரல்.”

“ஆமா.”

“எனக்குக் கண்ணுல கூடக் காட்டலை அவ. எப்பக் கேட்டாலும் ‘இன்னும் சரியா வரலைம்மா, வந்ததும் முதல் ஜாடி உனக்குத்தான்’னு சொல்லிட்டே இருந்தா. அதுல ஏதாவது மிச்சம் கிச்சம் இருக்கா? ஒரு வாய் போதும். சும்மா ஒரு ஆசை.”

உறைநிலைப் பெட்டியின் கதவைப் பார்த்தேன்.

“இருக்கு அத்தை” என்றேன்.

சொன்ன பிறகு கணக்குப் போட்டேன். மிச்சம் இருப்பதை அவருக்குக் கொடுத்தால் அத்தோடு தீர்ந்தது. பிறகு என் நாக்கில் என்ன இருக்கிறதோ அவ்வளவுதான். அது நாளாக ஆக மங்கும். கொடுக்காமல் இருக்கவும் முடியாது. முதல் ஜாடி அவருக்கு என்று அவள் சொல்லியிருக்கிறாள். என்னிடம் இருந்தது ஒரே வழி. அவர் வருவதற்குள் இன்னொரு பதினேழு செய்ய வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை காலை 17ஊ. எல்லாம் நோட்டில் உள்ளபடி. ஒப்பிட்டேன். இல்லை. அவள் ஜாடியில் ஒரு ஸ்பூன்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. எங்கள் வேலையில் எதை அளந்தாலும் அசல் ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். அவள் எதைப் பார்த்து இதைச் செய்தாளோ அந்த அசலை நான் தின்றதே இல்லை. அது தெரியாமல் நகலில் எது குறை என்று எப்படிச் சொல்வது?

17ஊ ஜாடியைப் பையில் போட்டுக்கொண்டு அன்று மதியம் அவளுடைய ஹோட்டலுக்குப் போனேன். பின்பக்க வாசல். காலிப் பெட்டிகள் கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவளுக்குப் பக்கத்துப் பலகையில் வேலை பார்த்தவரைக் கேட்டேன். அவரை எல்லோரும் கத்தி அக்கா என்பார்கள் என்று மட்டும் தெரியும். தன் கத்தியை இன்னொருவர் தொட்டால் அன்று முழுவதும் பேச மாட்டாராம்.

குட்டையாக, கைகளைத் துடைத்தபடி வந்தார். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“நீங்கதான் தராசா?”

“ஆமா.”

“துக்கத்துக்கு வந்தப்போ உங்க முகத்தைச் சரியாப் பாக்கலை. அவ சொன்ன மாதிரியே தான் இருக்கீங்க. ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உள்ள வாங்க.”

எதற்கு வந்தேன் என்று சொன்னேன். அவர் குளிர் அறைக்குள் போய் ஒரு பீங்கான் கிண்ணத்தோடு வந்தார். ரொட்டியில் தடவி நீட்டினார்.

“நிஜமாவே சாப்பிடப் போறீங்களா? உங்க வீட்டுல தெரிஞ்சா என்னைத் தேடிட்டு வந்துடப் போறாங்க.”

முப்பத்திரண்டு வயதில் முதல் முறை. வாயில் வைத்தேன். வழவழப்பு. பிறகு இனிப்பு. அதற்கடியில் துருப்பிடித்த குழாய்த் தண்ணீர் போல ஒரு சுவை. விழுங்கினேன். தண்ணீர் கேட்டேன்.

“மூக்கு” என்றார் கத்தி அக்கா.

“என்ன?”

“உங்க மூக்கு சுருங்குது. அவ செஞ்சு காட்டுவா. இப்படித்தான்.”

“இது அவ பண்ணினது மாதிரி இல்லையே” என்றேன். “கொஞ்சம் கூட இல்லை.”

“எப்படி இருக்கும்?” என்றார். “எல்லா நம்பரும் இங்க வரும். எனக்கும் ஒரு வாய் குடுப்பா. ஆறாம் நம்பர் இருக்கு பாருங்க, அது அச்சு அசல் ஈரல். கண்ணைக் கட்டிட்டுக் குடுத்தா பெரிய செஃபே ஏமாந்திருப்பார். ‘அடியே, இதோட நிறுத்து, இதை மெனுவுல போட்டுடலாம்’னு சொன்னேன். கேட்டாளா? ‘அவனுக்கு மூக்கு சுருங்குதுக்கா’ன்னா. ‘ஒருத்தன் மூக்குக்காக யாராவது சமைப்பாங்களா’ன்னேன். ‘அந்த மூக்கு எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் போறேன்’னு சொல்லிட்டுப் போயிட்டா. ஏழுலேருந்து அது ஈரலுக்குத் தூரத்துச் சொந்தம் கூட இல்லை. பதினாறுல பாத்தேன், அது வேற என்னமோ. நல்லாத்தான் இருந்துச்சு.”

நான் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சொல்லியிருக்கிறேன். அவள் அதை ஒருமுறைகூட எழுதிக்கொள்ளவில்லை. ஆறாவதில் மட்டும் எழுதியிருக்கிறாள். பொய் என்று.

பையிலிருந்து 17ஊவை எடுத்தேன். “இதுல என்ன தப்புன்னு பாருங்க. எல்லாம் அவ எழுதினபடிதான்.”

அவர் ஒரு விரல் நுனியில் எடுத்து நாக்கில் வைத்தார். கூரையைப் பார்த்தார்.

“எப்ப அரைச்சீங்க?”

“காலையில.”

“எந்தக் காலையில?”

“இன்னைக்கு.”

“இதுக்கு முன்னாடி பண்ணினதெல்லாம்?”

“அரைச்சதும் சாப்பிட்டுப் பாத்துடுவேன்.”

கத்தி அக்கா தலையில் அடித்துக்கொண்டார். உள்ளே திரும்பி, “இங்க வந்து பாருங்கப்பா, பாத்தேவை அரைச்ச கையோட திங்கற ஆளு” என்று கத்தினார். யாரோ சிரித்தார்கள்.

“இது ஊறணும் தம்பி. ரெண்டு நாள், மூணு நாள், குளிர்ல. அப்பத்தான் எண்ணெய் இறுகும். காரம் அடங்கும். வெங்காயமும் மிளகும் ஒண்ணுக்கொண்ணு பழகும். அன்னிக்கே தின்னா பச்சையாத்தான் இருக்கும்.”

“நோட்டுல இல்லையே.”

“அதை எவ எழுதுவா? சட்டை போடறதுன்னா எப்படின்னு எழுதச் சொன்னா, ‘கையைக் கைக்குள்ள விடவும்’னா எழுதுவீங்க?”

நோட்டில் இல்லை என்று சொன்னது உண்மை. ஆனால் அது எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

ஜாடியை மூடிக் கொடுத்தார். வாசல்வரை வந்தார்.

“அவ அலமாரிப் பெட்டியை இன்னும் யாருக்கும் குடுக்கலை. காலியாத்தான் இருக்கு. நான்தான் குடுக்க விடலை” என்றார். பிறகு, “என்கிட்டக் கேட்டா, மெனுவுல போட்டிருக்கலாம் அந்த ஆறை” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வியாழக்கிழமை நாலரைக்கு எழுந்தேன். வெங்காயத்தை முதலில் வைத்தேன். ஐந்தரைக்கு மிக்ஸி ஓடியது. மேல் வீட்டில் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. ஜாடியில் அடைத்து, மேலே எண்ணெய் ஊற்றி, டேப்பில் 17எ என்று எழுதினேன். ருசி பார்க்கவில்லை. ஸ்பூனைக் கூட நக்காமல் கழுவினேன். குளிர்பெட்டியில் வைத்துக் கதவை மூடினேன். இரண்டு டம்ளர் எடுத்தேன். ஒன்றைத் திரும்ப வைத்தேன்.

வெள்ளி. சனி. சனிக்கிழமை மாலை அவள் ஜாடியை மேலிருந்து கீழே மாற்றினேன், இளகுவதற்கு.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு அத்தை வந்தார். இளைத்திருந்தார். செருப்பைக் கழற்றியதும் நேராகச் சமையலறைக்கு வந்து மேடையைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், குப்பைக் கூடையைத் திறந்து பார்த்தார்.

“பரவாயில்லையே மாப்ளே. அவ இருந்தப்போ கூட இவ்வளவு சுத்தமா இருந்ததில்லை.”

“அவ சமைப்பா. நான் துடைக்கிறேன், அவ்வளவுதான்.”

“உக்காந்து சாப்பிடலாமா? பசிக்குது. பஸ்ல ஒருத்தன் வழியெல்லாம் கடலை தின்னுட்டே வந்தான். வேணுமான்னு ஒரு வார்த்தை கேக்கலை.”

ரொட்டி வாட்டினேன். பிறகு தயங்கினேன். சொல்லித்தான் ஆக வேண்டும்.

“அத்தை, இதுல அவ பண்ணினது ஒரே ஒரு ஸ்பூன்தான் இருக்கு. இன்னொரு ஜாடி நான் பண்ணினது. ரெண்டும் ஒண்ணுதானான்னு எனக்குத் தெரியணும். நீங்க ஒரு உதவி பண்ணணும்.”

எங்கள் கூடத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. இரண்டு தண்ணீரில் வித்தியாசம் இருக்கிறதா என்று பார்க்க மூன்று குவளை வைப்போம். இரண்டில் ஒரே தண்ணீர், ஒன்றில் வேறு. எது வேறு என்று குடிப்பவரால் சொல்ல முடியாவிட்டால் வித்தியாசம் இல்லை. வைப்பவர் ஒருவர், குடிப்பவர் ஒருவர். தனி ஆளால் முடியாது.

மூன்று சின்னத் தட்டு வைத்தேன். ஒன்றில் அவளுடையதில் பாதி ஸ்பூன். இரண்டில் என்னுடையது, அதே அளவு. மிச்சப் பாதியை அத்தைக்கென்று தனியே மூடி வைத்தேன். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பேன், நீங்கள் இடம் மாற்றி வையுங்கள் என்றேன்.

“கல்யாணத்துல மோதிரம் தேடின மாதிரி இருக்கு. சரி, திரும்புங்க.”

எதிர்க் கட்டடத்தில் மூன்றாம் மாடிக்காரர் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். பின்னால் தட்டுகள் நகரும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

“போதும் அத்தை.”

“இருங்க, இன்னொரு தடவை. நல்லாக் கலக்க வேண்டாமா? ம். இப்ப வாங்க.”

கண்ணை மூடிக்கொண்டேன். அத்தை ஒவ்வொன்றாக வாயருகே நீட்டினார். முதலாவது. இரண்டாவது. மூன்றாவது. நடுவில் தண்ணீர். மறுபடி ஒரு சுற்று. வெங்காயம் தனியாக நிற்கவில்லை. மிளகு கடிக்கவில்லை. எது எது என்று தெரியவில்லை. மூன்றும் அவளுடையதாக இருந்தது.

“சொல்ல முடியலை” என்றேன். கண்ணைத் திறந்தேன். “எது அவளோடது?”

அத்தை தட்டுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“ஐயையோ” என்றார். “நடுவுல இருந்ததை இந்தப் பக்கம் வெச்சேன். அப்புறம் இதை அங்க. அப்புறம் இன்னொரு தடவை கலக்கினேனே… நானே மறந்துட்டேன் மாப்ளே.”

எங்கள் கூடத்தில் இப்படி ஒன்று நடந்தால் அந்தச் சோதனை செல்லாது. தட்டுக்கு அடியில் குறி போட்டிருக்க வேண்டும். ஒன்பது வருடமாக இதுதான் வேலை, அன்று போடவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. பதினொரு மாதத்துக்குப் பிறகு என் காதுக்கு அது யாரோ சிரிப்பது போல இருந்தது. அத்தையும் சிரித்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, குற்றம் செய்தவர் போல.

பிறகு மூன்று தட்டையும் தன் பக்கம் இழுத்து, மூடி வைத்திருந்த பாதி ஸ்பூனையும் எடுத்து, எல்லாவற்றையும் ஒரே ரொட்டியில் தடவினார். தடுக்க நினைத்தேன். தடுக்கவில்லை. நிதானமாக மென்றார். ரொட்டித் தூளைக்கூட விரலால் ஒற்றி எடுத்தார்.

“உப்பு கம்மி” என்றார். “அவ கையே அப்படி. சின்னதுலேருந்து உப்புன்னா பயம் அவளுக்கு.”

உப்பு ஏழரை கிராம். நோட்டில் உள்ளபடி.

“அத்தை, சாப்பிடும்போது என் முகம் எப்படி இருந்துச்சு?”

“முகமா?” யோசித்தார். “பசிச்ச பிள்ளை மாதிரி இருந்துச்சு. மூணாவது வாய் வர்றதுக்குள்ள வாயைத் திறந்துட்டீங்க.”

நோட்டை எடுத்து, பதினேழுக்கு நேரே, காலியாக இருந்த கட்டத்தில் அதை எழுதினேன். அவர் எட்டிப் பார்த்தார். மேலே இருந்த வரிகளைப் படித்தார். பதினாறுவரை படித்துவிட்டு நோட்டை மூடி, அதன்மேல் கை வைத்துக்கொண்டார்.

“ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?”

“கேளுங்க அத்தை.”

“அன்னிக்கு ஆஸ்பத்திரியில சொன்னீங்க. காலையில கிளம்பும்போது ‘அம்மாவுக்கு போன் பண்ணணும், அம்மா ஞாபகமாவே இருக்கு’ன்னு அவ சொன்னதா.”

“ஆமா.”

“அவ அப்படிச் சொல்ற ஆளே இல்லை. பேசணும்னு தோணினா பேசிடுவா. பாத்ரூம்லேருந்து கூடப் பேசுவா. நீங்க என் மனசுக்காகச் சொன்னீங்கன்னு அன்னைக்கே தெரியும். சரி, பாவம், அந்தப் பிள்ளை என்ன பண்ணும்னு இருந்துட்டேன். இப்பச் சொல்லுங்க. நிஜமா என்ன சொன்னா? திட்டிட்டுப் போனாளா? திட்டினாலும் பரவாயில்லை. அவ வாயிலேருந்து வந்தது எதுவா இருந்தாலும் சரி.”

யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படி அதில் எதுவும் இல்லை. சொல்லாததற்குக் காரணம் ஒன்று உண்டு. ஹோட்டலிலிருந்து போன் வந்தபோது மணி ஏழு முப்பத்தைந்து. நான் இந்த மேடையருகே நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். ரொட்டியில் பதினேழு தடவியிருந்தது. அப்படி ஒன்றும் நன்றாக இல்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாயில் இருந்ததை என்ன செய்தேன் என்று நினைவில்லை. அவளுடைய வார்த்தை அதோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதை நினைத்தால் வாயில் அந்த ரொட்டி வரும். அதனால் நினைக்காமல் இருந்தேன். ஆறு ஜாடியிலும் இல்லாமல் போனது அதுதான்.

அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஐந்தரைக்கு மிக்ஸி போட்டு என்னை எழுப்பியது. கழுத்தில் பீட்ரூட் தீற்றியிருந்தது. டேப்பில் 17 என்று எழுதி ஜாடியைக் குளிர்பெட்டியில் வைத்தது. பால் பொங்கியதற்கு என்னைத் திட்டியது. இரண்டு டம்ளரிலும் காப்பி ஊற்றி, தன்னுடையதைப் பாதியில் வைத்தது. ஆறேகாலுக்கு வாசலில் ஒரு கால் செருப்பில், ஒரு கால் தரையில், பையின் வார் தோளிலிருந்து நழுவ, நான் குளிர்பெட்டிக் கதவில் கை வைப்பதைப் பார்த்துவிட்டாள்.

“இன்னைக்கு அதைத் தொடாதே, தராசு. ஞாயித்துக்கிழமைதான் நல்லா இருக்கும்.”